இருட்டையும் பெட்டியில் எடுத்துவையுங்கள்

நார்வேயின் வடகோடிக்குக் கப்பலில் போகிறவர்கள் குளிருக்குப் பயந்துதான் பெட்டி கட்டுகிறார்கள். கம்பளிக் குல்லா, தெர்மல் உள்ளாடை, கையுறை என்று பெட்டி நிறைந்துவிடுகிறது. ஜூன், ஜூலையில் அந்தக் கடற்கரையின் குளிரை ஊட்டியின் குளிர்காலத்தைத் தாங்கியவர்கள் தாங்கிவிடலாம். மூன்றாம் நாள் காலைச் சாப்பாட்டு மேசையில் கண் சிவந்து உட்கார்ந்திருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். குளிரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லமாட்டார்கள். தூக்கம் வரவில்லை என்பார்கள். இரவு ஒன்றரை மணிக்கு எழுந்து, விடிந்துவிட்டது என்று நினைத்துப் பல் தேய்த்தவர்களும் அந்தக் கூட்டத்தில் இருப்பார்கள்.

நம்முடைய உடம்பு இதற்குப் பழகியதே இல்லை. சென்னையில் ஆண்டின் மிக நீண்ட பகல்கூட 13 மணி நேரத்தைத் தொடுவதில்லை. மிகக் குறுகிய பகல் 11 மணி 20 நிமிடத்துக்குக் கீழே போவதில்லை. ஒன்றரை மணி நேர வித்தியாசத்துக்குள்ளேயே நம் ஆண்டு முடிந்துவிடுகிறது. சூரியனும் இங்கே ஏறக்குறைய நேராகக் கீழே இறங்குகிறது. மறைந்து அரைமணி நேரம் ஆனால் இருட்டு. வடக்கே போகப் போக அது சாய்ந்து சாய்ந்து இறங்கும். மறைந்த பிறகும் அந்தி மணிக்கணக்கில் நீளும். ஓர் எல்லைக்கு அப்பால் மறைவதையே நிறுத்திவிடும்.

அந்த எல்லை வட அட்சரேகை ஏறத்தாழ 66½ டிகிரி, அதாவது ஆர்க்டிக் வட்டம். பூமியின் அச்சு 23.4 டிகிரி சாய்ந்திருக்கிறது. ஜூன் மாதத்தில் வடமுனை சூரியனைப் பார்த்துச் சாய்ந்து நிற்கிறது. பூமி எத்தனை முறை சுற்றினாலும் வட்டத்துக்கு உள்ளே இருக்கும் இடங்கள் நிழல் பக்கத்துக்குப் போவதில்லை. அங்கே நின்று பார்த்தால், தேர் நான்கு வீதியையும் சுற்றி வருவதுபோல சூரியன் தொடுவானத்தை ஒட்டி வானத்தைச் சுற்றி வரும். தெற்கு வீதியில் உயரம், வடக்கு வீதியில் தாழ்வு, அவ்வளவுதான். வடக்கு வீதிக்கு வரும்போது நேரம் நள்ளிரவு.

"வடக்கே கப்பல் பயணம்" என்று விற்கப்படும் எல்லாவற்றிலும் இந்தத் தொல்லை ஒரே அளவில் இருக்காது. டிக்கெட் எடுக்கும்போதே அட்சரேகையைப் பார்த்துவிடுவது நல்லது. அலாஸ்காவின் ஜூனோ 58 டிகிரியில் இருக்கிறது. ஜூன் கடைசியில் அங்கே 18 மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே பகல், இரவு பத்து மணி சுமாருக்கு அஸ்தமனம். இரவு என்று ஒன்று இருக்கிறது. ஐஸ்லாந்தின் ரெய்க்யாவிக்கில் பகல் 21 மணி நேரம். சூரியன் மறைந்தாலும் வானம் கறுப்பதில்லை. நார்வேயில் போதோ ஊரைத் தாண்டினால் ஜூன் முதல் வாரத்திலிருந்து ஜூலை முதல் வாரம்வரை சூரியன் மறையாது. திரோம்சோவில் இரண்டு மாதம். ஐரோப்பாவின் வட விளிம்பு என்று எல்லோரும் பார்க்கப் போகும் நார்த் கேப்பில் மே நடுவிலிருந்து ஜூலை கடைசிவரை. இன்னும் மேலே 78 டிகிரியில் இருக்கும் ஸ்வால்பார்டில் ஏப்ரல் 20 சுமாருக்கு மேலே ஏறிய சூரியன் ஆகஸ்ட் 22 சுமாருக்குத்தான் முதல்முறையாக மறையும். நார்த் கேப்பில் ஜூன் 21 நள்ளிரவில் சூரியன் தொடுவானத்துக்கு மேலே ஏறத்தாழ நாலரை டிகிரி நிற்கும். கையை நீட்டி மூன்று விரலைச் சேர்த்துப் பிடித்தால் வருகிற உயரம். ஸ்வால்பார்டின் லாங்இயர்பியனில் அது பதினொன்றரை டிகிரிக்கும் மேல். நள்ளிரவு என்று கடிகாரம் சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது.

வெளிச்சத்துக்கும் தூக்கத்துக்கும் என்ன சம்பந்தம்? கண்ணை மூடினால் இருட்டுதானே என்று கேட்கலாம். கண்ணுக்குப் பார்ப்பதைத் தவிர இன்னொரு வேலையும் இருக்கிறது. விழித்திரையில் சில செல்கள் உருவத்தைப் பார்ப்பதற்காக இல்லை. வெளியே எவ்வளவு வெளிச்சம் என்று மூளைக்குச் சொல்வதுதான் அவற்றின் முதல் வேலை. 2000ஆம் ஆண்டை ஒட்டித்தான் இவற்றை அறிவியல் அடையாளம் கண்டது. நீல நிற ஒளிக்கு இவை கூர்மையாக எதிர்வினை காட்டும். மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியில் இருக்கும் உடற்கடிகாரம் இவற்றின் தகவலை வைத்துத்தான் தினமும் தன்னைச் சரிசெய்துகொள்கிறது. அந்தக் கடிகாரத்தின் சொந்தச் சுற்று சரியாக 24 மணி நேரம் இல்லை. சராசரியாகச் சில நிமிடங்கள் கூடுதல். தினமும் அது கொஞ்சம் பின்தங்கப் பார்க்கும், காலை வெளிச்சம் அதைப் பிடித்து முன்னே தள்ளும்.

மாலை மங்கியதும் பினியல் சுரப்பி மெலட்டோனின் என்ற ஹார்மோனைச் சுரக்க ஆரம்பிக்கிறது. வழக்கமாகத் தூங்கும் நேரத்துக்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரம் முன்பே இது தொடங்கிவிடும். வெளிச்சம் பட்டால் அடங்கிவிடும். வீட்டுக் கூடத்து விளக்கின் வெளிச்சம் நூறு, இருநூறு லக்ஸ் இருக்கும். அதுவே இந்தச் சுரப்பைத் தள்ளிப்போடப் போதும். நள்ளிரவுச் சூரியன் தாழ்வாக இருந்தாலும் கப்பலின் மேல்தளத்தில் சில ஆயிரம் லக்ஸ் கொட்டும். தாழ்வாக இருப்பதால் அது தலையில் விழாமல் நேரே கண்ணுக்குள் விழும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இங்கேதான் பெரும்பாலானவர்கள் தவறான இடத்தில் பழியைப் போடுகிறார்கள். கேபினின் திரைச்சீலை சரியில்லை, இடுக்கு வழியாக வெயில் அடித்தது என்று வரவேற்பு மேசையில் புகார் சொல்கிறார்கள். திரை முக்கியம்தான். ஆனால் பதினொன்றரை மணிவரை டெக்கில் நின்று பொன்னிற வெயிலைப் படம் பிடித்துவிட்டு, அறைக்கு வந்து திரையை இழுத்துவிட்டுப் பன்னிரண்டு மணிக்குத் தூங்க வேண்டும் என்றால் உடம்பு கேட்காது. அதன் கணக்கில் அந்தி இப்போதுதான் ஆரம்பிக்கிறது. தூக்கம் கெட்டது படுக்கையில் இல்லை, அதற்கு முந்தைய இரண்டு மணி நேரத்தில். ஆகவே வடக்கே போகிறவர்கள் தயார் செய்ய வேண்டியது அந்த இரண்டு மணி நேரத்தைத்தான். பதினொரு மணிக்குப் படுக்கிறவர் என்றால் ஒன்பது மணிக்கு உள்ளே வந்துவிடுங்கள். கேபினில் மேல்விளக்கை அணைத்துவிட்டுப் படுக்கை விளக்கை மட்டும் போடுங்கள். வெளியே இருந்தே தீர வேண்டும் என்றால் அடர்ந்த குளிர்க்கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்; ராத்திரி பத்து மணிக்குக் கூலிங் கிளாஸா என்று யாரும் சிரிக்கமாட்டார்கள், கடலின் பளபளப்பே அதற்குப் போதுமான காரணம். இரண்டு அமர்வாக இரவு உணவு பரிமாறும் கப்பல்களில் எட்டரை மணி அமர்வை விட்டு ஆறு மணி அமர்வைக் கேட்டு வாங்குங்கள். கப்பலில் காப்பி இயந்திரம் இருபத்துநாலு மணி நேரமும் ஓடிக்கொண்டிருக்கும். குடித்து ஐந்து மணி நேரம் கழித்தும் காஃபீனில் பாதி ரத்தத்திலேயே இருக்கும் என்பதால் மதியத்தோடு அதை நிறுத்திவிடுவது உத்தமம்.

இந்தியாவிலிருந்து நேரே போகிறவர்களுக்கு முதல் இரண்டு மூன்று நாள் மட்டும் விதி தலைகீழ். கோடையில் நார்வே நேரம் இந்திய நேரத்துக்கு மூன்றரை மணி நேரம் பின்னால். நம் ஊரில் பத்தரை மணிக்குத் தூங்குகிறவருக்கு அங்கே சாயங்காலம் ஏழு மணிக்கே கண் சொக்கும். இரவு இரண்டரைக்கு விழிப்பு வந்துவிடும். ஆர்க்டிக் வட்டத்துக்குத் தெற்கே என்றால் இருட்டோ மங்கலோ பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்வோம். வட்டத்துக்கு வடக்கே இரண்டரை மணிக்குத் திரை இடுக்கில் முழு வெயில் தெரியும். எழுந்து போய்ப் பார்ப்போம். அங்கேதான் வம்பு. உடம்பு அதை விடியல் என்று எடுத்துக்கொண்டு, மறுநாளும் அதே நேரத்துக்கு எழுப்பும். ஆகவே அந்த முதல் நாட்களில் மாலை வெளிச்சம் உங்களுக்கு நண்பன். ஒன்பது, ஒன்பதரைவரை வெளியே இருந்து தூக்கத்தைத் தள்ளிப்போடுங்கள். இரவு ஒரு மணியிலிருந்து ஆறு மணிவரை மட்டும், விழிப்பு வந்தாலும், கண்ணில் வெயில் படாமல் இருட்டிலேயே கிடங்கள். நாலாம் நாளிலிருந்து மேலே சொன்ன விதிக்கு மாறிக்கொள்ளுங்கள்.

இனி அறை. கடலைப் பார்த்த பால்கனி அறைதான் உசத்தி, சன்னல் இல்லாத உள்ளறை ஏழைக்கு என்பது கப்பல் உலகின் வாடகைக் கணக்கு. இந்த வழித்தடத்தில், இந்த மாதத்தில், தூக்கத்துக்கு நான் உள்ளறைக்குத்தான் ஓட்டுப் போடுவேன். விளக்கை அணைத்தால் அப்பழுக்கில்லாத இருட்டு, அதுவும் பாதிக் காசுக்கு. ஒரே ஆபத்து, காலை எட்டா மாலை எட்டா என்று தெரியாமல் தூங்கிக்கொண்டே இருப்பது. பல கப்பல்களில் கேபின் தொலைக்காட்சியில் கப்பல் முகப்புக் கேமராவின் காட்சி ஓடும் ஒரு சேனல் இருக்கும். அலாரம் அடித்ததும் அதைப் போடுங்கள், உடனே கிளம்பி மேல்தளத்துக்குப் போங்கள்.

சன்னல் அறை என்றால் எந்தப் பக்கம் என்பதில் ஒரு சூட்சுமம் உண்டு. நார்வே கடற்கரை வடகிழக்காகச் சாய்ந்து ஓடுகிறது. தெற்கே உள்ள பெர்கன் துறைமுகத்தில் கிளம்பி மேலே போகும் கப்பலின் இடப்பக்கம் வடமேற்கைப் பார்க்கும். இரவு எட்டு மணியிலிருந்து நள்ளிரவுவரை வெயில் அந்தப் பக்கத்து அறைகளில் நேராக அடிக்கும். வலப்பக்கம் கரையைப் பார்த்தது, மாலையில் நிழல், வெயில் அங்கே வர அதிகாலை ஆகும். திரும்பும்போது எல்லாம் மாறிவிடும். ஒருவழிப் பயணம் மட்டும் போகிறவர்களுக்கு இது உதவும். போய்வருகிறவர்கள் எந்தப் பக்கம் எடுத்தாலும் பாதிப் பயணம் வெயிலில்தான்.

கப்பல்காரர்கள் தடித்த திரை போட்டுத்தான் வைத்திருப்பார்கள். இரண்டு திரையும் சந்திக்கும் நடு இடுக்கும், மேலே கம்பிக்கும் சுவருக்கும் நடுவே உள்ள இடைவெளியும்தான் காட்டிக்கொடுக்கும். துணி காயப்போடும் கிளிப் நாலைந்து எடுத்துப் போனால் நடு இடுக்கு அடைபட்டுவிடும். மேல் இடைவெளிக்கு ஒரு கறுப்புத் துணி, காந்தக் கொக்கிகள் நான்கு. கப்பல் கேபின் சுவர்கள் பெரும்பாலும் எஃகு என்பதால் காந்தம் ஒட்டிக்கொள்ளும். அலாஸ்காவில் கோடையில் வீட்டுச் சன்னலுக்கு அலுமினியத் தாள் ஒட்டுவது வழக்கம். கப்பலில் அதைச் செய்யாதீர்கள், கண்ணாடியில் பசை தங்கினால் கேபின் பணியாளரின் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்வீர்கள். கதவுக்குக் கீழே வரும் தாழ்வார வெளிச்சத்துக்கு ஒரு துண்டைச் சுருட்டி வைத்தால் போதும். இவை எல்லாவற்றையும்விட மலிவானது கண்பட்டி. விமானத்தில் இலவசமாகத் தரும் தட்டையான பட்டி மூக்கோரம் வெளிச்சத்தை விட்டுவிடும்; கண்ணுக்கு மேலே கிண்ணம்போல் குழிந்த பட்டியாகப் பார்த்து, ஊரிலேயே இரண்டு நாள் போட்டுப் படுத்துப் பழகிக்கொள்ளுங்கள்.

பெர்கனுக்கும் வடகோடியில் உள்ள கிர்கெனெஸுக்கும் இடையே ஓடும் கரையோரக் கப்பல்களில் போகிறவர்கள் காதடைப்பானையும் மறக்க வேண்டாம். 1893இல் ரிச்சர்ட் வித் என்ற கப்பல் தலைவர் தொடங்கிய அந்தச் சேவை இன்றும் தபாலும் சரக்கும் ஏற்றி இறக்கிய பழைய வழித்தடத்திலேயே 34 துறைமுகங்களைத் தொட்டுப் போகிறது. அதில் பல நிறுத்தங்கள் நடுராத்திரியில். சரக்குக் கதவு திறக்கும் சத்தத்தில் விழிப்பு வரும், விழித்தால் வெளிச்சம் தெரியும், தெரிந்தால் என்ன ஊர் என்று எட்டிப் பார்க்கத் தோன்றும். அந்த எட்டிப் பார்த்தலோடு தூக்கம் போயிற்று.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, இவ்வளவு செலவழித்து இருட்டில் படுத்துக்கொள்ளவா போகிறோம் என்று தோன்றலாம். நியாயம்தான். நள்ளிரவுச் சூரியனைப் பார்க்கத்தான் போகிறோம். என் யோசனை, ஒரு இரவை அதற்கென்றே ஒதுக்குங்கள். மற்ற இரவுகளில் கதவைச் சாத்திக்கொள்ளுங்கள். தினமும் கொஞ்சம் கொஞ்சமாக ஒரு மணி, ஒன்றரை மணி என்று தூக்கத்தைக் கடன் வாங்குகிறவர்கள்தான் நாலாம் நாள் ஃபியோர்டு என்ற மலையிடுக்குக் கடல் வரும் நேரத்தில் நாற்காலியில் சாய்ந்து தூங்குகிறார்கள். எந்த இரவு என்பதை வானம் தீர்மானிக்கட்டும். நார்த் கேப்பின் 307 மீட்டர் உயரப் பாறை பெயர் பெற்றது. மூடுபனிக்கும் பெயர் பெற்றது. ஹோனிங்ஸ்வாக் துறைமுகத்திலிருந்து இரவில் பஸ் ஏறிப் போய் வெள்ளைப் பனிமூட்டத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பியவர்கள் ஏராளம். அந்த ஒரு நாளை நம்பாமல், வட்டத்துக்கு வடக்கே போன பிறகு முதன்முதலில் வானம் தெளிவாக இருக்கும் இரவைப் பிடித்துக்கொள்ளுங்கள். அன்று மதியமே அரைமணி நேரம் தூங்கி எழுந்துவிட்டால் இன்னும் நல்லது.

சூரியன் மிகத் தாழ்வாக வரும் நேரம் பன்னிரண்டு மணி இல்லை என்பதையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். கோடையில் அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைக்கிறார்கள். போதோவிலும் ஸ்வால்பார்டிலும் இரவு ஒரு மணியை ஒட்டித்தான் சூரியன் நேர்வடக்குக்கு வரும். கிழக்கே தள்ளி இருக்கும் நார்த் கேப்பில் பன்னிரண்டேகாலைத் தாண்டி. பன்னிரண்டடித்ததும் கைதட்டிவிட்டு உள்ளே போகிறவர்கள் உண்மையான நள்ளிரவைப் பார்க்காமலே போகிறார்கள். அந்தத் தாழ்வான வெயிலில் தோல் கருகாது. பகலில் பனிப்பாறைக்குப் பக்கத்தில் படகில் போகும்போதுதான் கவனம் வேண்டும், புதுப்பனி புற ஊதாக் கதிரில் பெரும்பகுதியைத் திருப்பி அடிக்கும்.

அங்கேயே வாழ்கிறவர்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள்? கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டுதான். பள்ளியும் அலுவலகமும் மீன் தொழிற்சாலையும் மணி பார்த்துத்தான் திறக்கின்றன. 1980களிலிருந்து நார்வேயின் வடகோடி மாவட்டமான ஃபின்மார்க்கின் கடற்கரை மீன் தொழிற்சாலைகளில் வேலைக்குப் போன ஈழத்தமிழர்களும் அந்த மறையாத வெயிலில்தான் ஷிப்டு முடித்து வந்து, தடித்த திரைக்குப் பின்னால் தூங்கினார்கள். 2019 ஜூனில் திரோம்சோவுக்கு மேற்கே உள்ள சொம்மரோய் தீவு மக்கள் கடிகாரத்தையே ஒழிக்கக் கேட்கிறார்கள் என்று உலகப் பத்திரிகைகள் எல்லாம் எழுதின. கடைசியில் அது நார்வே அரசு நிறுவனம் ஒன்றின் பணத்தில் நடந்த சுற்றுலா விளம்பரம் என்று தெரியவந்தது.

மருந்து சாப்பிடுகிறவர்கள் கிளம்புமுன் மருத்துவரிடம் ஒரு கணக்கு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சென்னையில் இரவு எட்டு மணி மாத்திரை அங்கே மாலை நாலரை. இன்சுலின் போடுகிறவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. வெளியே வெயிலைப் பார்த்து ராத்திரி மாத்திரையை மறப்பதும் அடிக்கடி நடக்கும், போனில் அலாரம் வையுங்கள். மெலட்டோனின் மாத்திரையில் எவ்வளவு என்பதைவிட எந்த நேரத்தில் என்பது முக்கியம். தப்பான நேரத்தில் போட்டால் கடிகாரம் இன்னும் குழம்பும். கடல் குமட்டலுக்குப் போடும் மாத்திரைகள் பலவும் தூக்கம் வரவழைக்கும். அதோடு மதுவையோ தூக்க மாத்திரையையோ சேர்க்கக் கூடாது. இருமுனைக் கோளாறு உள்ளவர்களுக்குத் தூக்கக் குறைவே நோயைக் கிளப்பிவிடக்கூடும் என்பதால் அவர்கள் இந்தப் பயணத்தை மருத்துவரோடு கலந்து பேசிய பிறகே முடிவு செய்ய வேண்டும். கண்புரை அறுவை செய்துகொண்ட பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை: வயதான கண்ணின் மஞ்சளித்த வில்லை நீல ஒளியை ஓரளவு தடுத்துவந்தது, புது வில்லை அந்த அளவுக்குத் தடுக்காது. குளிர்க்கண்ணாடி உங்களுக்குக் கூடுதலாக அவசியம்.

சந்தி வேளை, தொழுகை வேளை பார்க்கிறவர்களுக்கும் சூரியன் அங்கே உதவாது. வடகோடி ஊர்களில் வாழும் முஸ்லிம்களில் பலர் மக்கா நேரத்தையோ, இரவும் பகலும் பிரிகிற பக்கத்து ஊரின் நேரத்தையோ வைத்துக்கொள்கிறார்கள். நீங்களும் முன்கூட்டியே ஒன்றைத் தீர்மானித்துவிட்டால் கப்பலில் குழப்பம் இல்லை.

திரும்பும் பயணத்தில் கப்பல் தெற்கே இறங்க இறங்க அந்தி திரும்பி வரும், பெர்கன் வந்து சேரும்போது தூக்கம் ஏறக்குறைய சரியாகிவிடும். சென்னை வந்தபின் மறுபடியும் மூன்றரை மணி நேரம், இந்த முறை எதிர்த்திசையில், அதுதான் கொஞ்சம் கடினம். முதல் இரண்டு நாள் காலை ஒன்பது மணிக்கு மேல் வெயிலில் நில்லுங்கள். வழக்கம்போல ஐந்தரைக்கே கடற்கரைக்கு நடக்கக் கிளம்ப வேண்டாம். உடம்புக்கு அது இன்னும் நார்வேயின் இரவு இரண்டு மணி.